இரண்டாவது டம்ளர்

தொப்!

சுத்த நீர் விழா மேடையில், கைதட்டல் அடங்குவதற்குள் முதலாளி சரிந்தார். அவர் கையிலிருந்த டம்ளர் உருண்டுபோய் மைக் கம்பியில் முட்டி நின்றது.

டாக்டர் நாடி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சுது."

சாய ஆலை முதலாளி. வருடா வருடம், சுத்திகரித்த ஆலைக் கழிவுநீர் என்று சொல்லி ஒரு டம்ளரை எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடிப்பார். பேப்பரில் போட்டோ வரும். ஆற்றோரத்து ஜனங்கள் வாயடைத்துப் போவார்கள்.

இந்த வருடம் அவரே வாயடைத்துப் போனார்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஆலையின் சமூகப் பொறுப்பு அதிகாரி சுவரோடு ஒட்டி நின்றாள். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான். தண்ணீர் ஊற்றி வைத்தவள் அவள். வீட்டுக்குப் போவோமா, ஜெயிலுக்கா...

"இவதான் சார் கொன்னுட்டா" என்றார் முதலாளியின் மருமகன். ஆபீஸ் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை சார் என்றுதான் பெயர். "பிடிச்சு உள்ள போடுங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி எங்கம்மா பிடிச்ச?"

"சுத்திகரிப்புக் குழாய்ல சார்."

"ஏன்?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "அதைத்தானே சார் குடிக்கிறதா போர்டு வெச்சிருக்கு?"

கான்ஸ்டபிள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அறிவிருக்கா?" மாப்பிள்ளை சீறினார். "வருஷா வருஷம் கடையில வாங்கின பாட்டில் தண்ணிதான் ஊத்துவோம். இவகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"பொய் சார். குழாய்லயே பிடின்னு இவர்தான் சொன்னார்." அவள் குரல் உடைந்தது.

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்க குழாய்த் தண்ணி விஷம்... அப்படித்தானே? எழுதிக் குடுங்க. இவளை இப்பவே கூட்டிட்டுப் போறேன். கையோட ஆலைக்கும் சீல்."

வெளியே நிருபர்கள் சத்தம். மாப்பிள்ளை ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"சேச்சே... எங்க தண்ணி சொக்கத் தங்கம் சார். மாமாவுக்கு ஹார்ட் வீக். பாவம், இவளை விட்டுடுங்க."

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை டம்ளர்மா ஊத்தின?"

"ரெண்டு சார். முதலாளிக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு."

கான்ஸ்டபிள் மேடையிலிருந்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். தளும்பத் தளும்ப இருந்தது.

"மாமனாரும் மருமகனும் ஒண்ணா குடிக்கிற போட்டோ வருஷா வருஷம் பார்த்திருக்கேன். இந்தத் தடவை நீங்க தொடவே இல்லையே?"

"துக்கம் சார்... தொண்டையில இறங்கல."

"அவர் குடிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினார்.

"பாட்டில் தண்ணின்னு நம்பியிருந்தா குடிச்சிருப்பீங்க. குழாய்த் தண்ணின்னு தெரியும். தெரிஞ்சே மாமனாரைக் குடிக்க விட்டீங்க. முதலாளி நாற்காலி மேல அவ்வளவு ஆசை." டம்ளரை முன்னால் நகர்த்தினார். "இல்லைன்னா குடிங்க. சொக்கத் தங்கம்தானே?"

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தார். கான்ஸ்டபிள் கையிலிருந்த விலங்கைப் பார்த்தார்.

இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஜன்னலுக்கு வெளியே, ஜீப்பில் ஏறும்போது மாப்பிள்ளை மெல்லக் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"சார்... ஜெயில்ல நல்ல தண்ணி கிடைக்கும்ல?"

"கவலையே படாதீங்க மாப்பிள்ளை சார். உங்க குழாய் போய் விழற அதே ஆத்துலேர்ந்துதான் வருது!"