நாலு விரல் போதும்

"ஹலோ... வரிசையில வாங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தில் நின்ற ஏழெட்டுத் தலைகள் திரும்பின. யாரைச் சொன்னாளோ அவன் மட்டும் திரும்பவில்லை. மழையில் நனைந்த தலையை நாய்க்குட்டி மாதிரி ஒரு உதறு உதறினான். அவள் கையிலிருந்த விண்ணப்பத்தின் மேல் பொட்டுப் பொட்டாக நாலு துளி விழுந்தது.

போச்சு... விடிந்ததிலிருந்து குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த விண்ணப்பம்!

"உங்களைத்தான். காது கேக்கலையா?"

இப்போது திரும்பினான். கண்கள்... இமை மயிரில் மழைத்துளி. அதற்கும் உள்ளே, கழுவியும் போகாத சிமெண்டுத் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே இரண்டு கண்களும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தன.

"வரிசையிலதாங்க வந்தேன். அது என் வரிசை."

அவன் காட்டிய பக்கம் 'வெளிநாட்டு மாணவர்' என்று பலகை. அதன் கீழே ஈ, காக்கை இல்லை. அவள் நின்ற 'உள்நாட்டு மாணவர்' வரிசையோ வாசலைத் தாண்டி, படியைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் போய் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசையும் முடிகிற இடம் ஒன்றுதான். கைரேகை எடுக்கும் கவுண்டர். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.

மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றவள் அவள். மூன்று நிமிஷத்தில் வந்து அவளுக்கு முன்னால் நின்றவன் அவன். வயிறு எரியாதா பின்னே?

அவனை மேலும் கீழும் பார்த்தாள். முழங்காலில் சாந்து காய்ந்த கால்சட்டை. வார் அறுந்து கம்பி கட்டிய செருப்பு.

"நீங்க... ஃபாரினா?"

"பாத்தா தெரியலையா?" என்றான் முகத்தை வைத்துக்கொண்டு. "பத்து வயசுல எங்கப்பாகூட செங்கல் தூக்க எல்லை தாண்டி வந்தேன். பதினாலு வருஷமா இங்கதான் கொத்து வேலை. காகிதத்துல மட்டும் இன்னும் வந்து சேரல." பக்கத்துச் சுவரை உரிமையோடு தட்டினான். "இது நான் பூசின சுவர்தான். நல்லா சாஞ்சுக்கோங்க, விழாது."

சாய்ந்துதான் நின்றிருந்தாள். விருட்டென்று நிமிர்ந்தாள்.

"அடுத்து!" என்றது கவுண்டர்.

ஒருவர் பேரில் இன்னொருவர் பரீட்சை எழுதிவிடக் கூடாது என்று அந்தப் பெரிய பல்கலைக்கழகம் கண்டுபிடித்த வழி இது. விண்ணப்பிக்கும்போதே நாலு விரல் ரேகையாவது ஒரே நாளில் பதிய வேண்டும். பதிந்தால்தான் விண்ணப்பம் செல்லும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணியோடு கவுண்டர் மூடிவிடும்.

கவுண்டரில் ஒரு பெண். வெள்ளை வெளேரென்ற கை, மூன்று விரலில் மோதிரம். கொத்தனின் விரலைக் கண்ணாடிமேல் வைத்தாள். 'டொய்ங்' என்று சிவப்பு விளக்கு. துணியால் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. கட்டை விரலை இரண்டு கையாலும் பிடித்து, அமுக்கி, உருட்டி... சிவப்பு.

"என்னங்க கை இது? ரேகையையே காணோம்!"

"சாந்து தின்னுடுச்சு மேடம்."

மோதிரக்காரி கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். நடுவிரலைப் பிடித்தாள்...

பின்னால் நின்றவளுக்கு எதற்கென்று தெரியவில்லை, எண்ணத் தோன்றியது. ஒன்று, இரண்டு... ஒன்பது தடவை! ஒன்பது தடவை பிடித்தும் இரண்டு விரல்தான் பதிந்தது. "வெள்ளிக்குள்ள ஒரு தடவை வாங்க, பாத்துக்கலாம்" என்று தேன் ஒழுகச் சொல்லி அனுப்பினாள் மோதிரக்காரி.

அடுத்தது அவள். வைத்தாள், சிவப்பு. வைத்தாள், சிவப்பு. மோதிரக்காரி அவள் கையைத் தொடக்கூட இல்லை. "உங்களுக்கும் விழல. வெள்ளிக்குள்ள வாங்க. அடுத்து!"

அவனுக்கு ஒன்பது... எனக்கு இரண்டா?

வெளியே வந்தால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒதுங்க இருந்ததே ஒரே ஒரு தகரக் கூரை. அதன் கீழேயும் அவனே.

"உங்களுக்கு ஏன் விழல?" என்றான்.

"பாட்டில் கழுவுறேன். அழுக்கெடுக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணி. மூணு வருஷமா."

"காட்டுங்க."

காட்டினாள். ஏன் காட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெந்து, தோல் உரிந்து, புதுத் தோல் வந்து, அதுவும் உரிந்த விரல்கள். அவன் பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. வாங்கப் போகும் கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ரேகை எங்கயும் போகல. உள்ள இருக்கு. நாலு நாள் சோடாவைத் தொடாம, எண்ணெய் தடவி வச்சா மேல வரும். என்ன படிக்கப் போறீங்க?"

"வேதியியல். அந்தச் சோடா எங்க கையை என்னதான் பண்ணுதுன்னு அதோட பூர்வீகத்தையே தோண்டிப் பாக்கணும். நீங்க?"

"கட்டிடப் பொறியியல். நான் கட்டினதெல்லாம் எப்படி விழாம நிக்குதுன்னு எனக்கே சந்தேகம்..."

சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரத்தில். அடக்குவதற்காகச் சுள்ளென்று கேட்டாள்: "ஒன்பது தடவை பிடிச்சுமா உங்களுக்கு நாலு விரல் விழல?"

"ஒன்பதா?" அவன் புருவம் உயர்ந்தது. "எண்ணினீங்களா, உள்நாடு?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க, ஃபாரின்!" என்று மழையில் இறங்கி நடந்தாள். கன்னம் ஏன் சுடுகிறது... இந்த மழையிலும்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இருபது வருஷம் பாட்டில் கழுவிய கை. கைரேகை ஜோசியக்காரன் பார்த்தால் கடையை மூடிக்கொண்டு போய்விடுவான், அவ்வளவு மொழுமொழுவென்று இருந்தது.

"படிக்கறதுக்குத் தலையைத்தானடி கேக்கணும்? கையைக் கேக்கறானே... போகட்டும். நீ வெள்ளி வரைக்கும் தொட்டிப் பக்கம் வராத. உன் பங்கையும் நானே கழுவிடறேன்."

"உன்னால முடியுமாம்மா?"

"என் கையில இனிமே உரியறதுக்கு என்ன இருக்கு?"

இரண்டு நாள் எண்ணெயில் ஊறிய கையோடு புதன்கிழமை போனாள். எண்ணெய் வைத்துத் தலையைக்கூட வாரியிருந்தாள். அதுவும் கைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

வாசலிலேயே கேட்டது, அந்தக் கலகலச் சிரிப்பு. எட்டிப் பார்த்தாள்.

மோதிரக்காரி தன் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். ரோஜா நிறக் க்ரீம். அதைக் கொத்தனின் விரல்களில் ஒவ்வொன்றாக... நிதானமாக... தடவினாள். அவனும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான்!

அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது அவளுக்கு. இவன் யார்? அரை மணி நேரம் ஒரே கூரையின் கீழ் நின்றவன். பேர்கூடத் தெரியாது. அவன் கையை எவள் பிடித்தால் உனக்கென்ன... என்று தன்னையே கேட்டாள். அடுப்பு அணையவில்லை.

"உள்நாடு! நாலும் விழுந்துடுச்சு!" வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினான் அவன்.

பொறாமை இப்போது இரண்டாக ஆனது. விழுந்த விரல்மேல் ஒன்று. அதைப் பிடித்த விரல்மேல் ஒன்று. எது பெரியது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் முறை வந்தது. ஒரு விரல் பச்சை. இன்னொரு விரலும் பச்சை! மூன்றாவது சிவப்பு. நாலாவதும் சிவப்பு.

"மேடம்," ஓரமாக நின்றவன் முன்னால் வந்தான். "அந்தக் க்ரீமைக் கொஞ்சம் இவங்களுக்கும்..."

மோதிரக்காரி டப்பாவை எடுக்கத்தான் போனாள்.

"வேண்டாம்!" என்றாள் அவள். "அடுத்தவங்க தடவின மிச்சம் எனக்கு எதுக்கு?"

மோதிரக்காரியின் கை பாதியில் நின்றது. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு முதல் தடவையாக அணைந்தது. அவள் விண்ணப்பத்தை வாரிக்கொண்டு வெளியேறினாள்.

பாதி வழியில்தான் உறைத்தது. அந்தக் க்ரீம் பட்டிருந்தால் நாலும் விழுந்திருக்குமோ? அம்மா இரண்டு தொட்டியில் முக்கி முக்கி எடுத்துக் கொடுத்த நாளை, ஒரு கொத்தனுக்காக வீசிவிட்டு வருகிறேனா? அவனுக்குத்தான் வேலை முடிந்துவிட்டதே... இனி வரப்போவதும் இல்லை. இந்த நினைப்பு முந்தியதைவிட அதிகமாக வலித்தது. அதற்கும் தன்மேலேயே கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஏறிய பஸ் வெள்ளத்தில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மீதித் தூரம் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். உள்ளே வரிசையே இல்லை. படியில் மட்டும் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ஏன் இங்க?"

"ரசீதுல சீல் சரியா விழல... அதான்." அவசரமாக மடித்தான். அவள் பார்த்துவிட்டாள். முழு நிலா மாதிரி வட்டமாக விழுந்திருந்தது சீல்.

கவுண்டரில் மோதிரக்காரி இல்லை. அவள் நாற்காலியில் ஒரு வாலிபன், இஸ்திரி கலையாத சட்டையும் தூக்கி வாரிய முடியும் பத்தடிக்கு அப்பாலேயே வரும் வாசனையுமாக.

"உக்காருங்க. பதறாதீங்க, நான் இருக்கேன்ல?" என்று அவள் கையை எடுத்துக்கொண்டான். துடைத்தான். ஊதினான். வைத்தான். கட்டை விரல் பச்சை. ஆள்காட்டி பச்சை. மோதிர விரல் அழுத்தி, உருட்டி, மறுபடி அழுத்தி... பச்சை! நாலாவது மட்டும் மாட்டேன் என்றது. இந்த விரல், அந்த விரல், இடது கை, வலது கை... சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

"கை ஐஸ் மாதிரி இருக்குங்க. சூடு இருந்தாத்தான் மெஷின் எடுக்கும். நான் வேணா கொஞ்சம் தேய்ச்சு விடட்டுமா..."

"நான் பாத்துக்கறேன்!"

பின்னாலிருந்து வந்த குரலில் கண்ணாடி அதிர்ந்தது. கொத்தன் நின்றிருந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"நீங்க யாரு?" என்றான் வாலிபன்.

"இந்தச் சுவரைப் பூசினவன்."

வாலிபனுக்கு என்ன புரிந்ததோ, கடிகாரத்தைப் பார்த்தான். "அஞ்சு நிமிஷம். அப்புறம் மூடிடுவேன்."

கொத்தன் தன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்தான். பிறகு கேட்காமலே... இல்லை, கண்ணால் கேட்டுவிட்டு... அவள் கையை நடுவில் வைத்து மூடினான். உப்புத்தாள் மாதிரி கை. அவ்வளவு சொரசொரப்புக்குள் அவ்வளவு சூடு இருக்கும் என்று யார் கண்டது?

"மோதிரக்காரி எங்க?" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"லீவு."

"ஐயோ பாவம்... உங்களுக்கு."

"பாவம்தான். அந்தம்மா பிடிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கையைச் சாந்துக் கரண்டியும் கல்லும் தவிர யாரு பிடிச்சிருக்கா?"

வெடுக்கென்று இழுத்தாள்.

"இழுக்காதீங்க! சூடு போயிடும்..."

இழுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்காகத்தான்.

"சூடு வந்தாச்சு. வைங்க" என்றான்.

நடுவிரலும் கைவிட்டது. கடைசியாகச் சுண்டு விரல். வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். டொய்ங் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால்... பச்சை!

ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. தகரக் கூரை மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் ஓட வேண்டும், கால் நகரவில்லை. அவனும் செருப்புக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"பதினேழு" என்றான் திடீரென்று.

"என்ன பதினேழு?"

"அந்த சென்ட் பாட்டில் உங்க விரலைத் தொட்டது. பதினேழு தடவை."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"எண்ணினீங்களா, ஃபாரின்? எதுக்கு?"

"நீங்க திங்கக்கிழமை எதுக்கு எண்ணினீங்களோ, அதுக்கு." கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். கண்களில் தூசியும் இல்லை, சிரிப்பும் இல்லை. "சொல்லுங்க, எதுக்கு எண்ணினீங்க?"

எத்தனையோ பொய் நாக்கு நுனிவரை வந்தது. சோடாத் தண்ணீரில் வளர்ந்தவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது. பூசி மெழுகுகிறவன் எதிரே நிற்கிறவன்தான். அவனே இன்றைக்கு ஒன்றையும் பூசவில்லை.

"வயித்தெரிச்சல்லதான்" என்றாள். "அவ உங்களைத் தொட்டது எனக்குப் பிடிக்கல. இனிமே எவ தொட்டாலும் பிடிக்காது. போதுமா?"

"போதும்" என்றான். "எனக்கும் அதேதான்."

கூரையிலிருந்து ஒரு சொட்டு இரண்டு பேருக்கும் நடுவே விழுந்தது. யாரும் நகரவில்லை.

"இடம் கிடைக்குமான்னு தெரியாது" என்றாள் மெல்ல. "கிடைச்சா... அங்க வகுப்புக்குப் போறதுக்கும் தினமும் காலையில விரல் வைக்கணுமாமே?"

"ஆமா, ரசீதுல போட்டிருக்கு."

"என் கை எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும்..."

அவன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தான்.