பாதியில் தூக்கிய முள்

காரை விட்டு இறங்கும்போதே மேதாவி மூக்கைச் சுளித்தார். தெருவின் கடைசி வீடு. சுவரில் பூச்சு பெயர்ந்திருந்தது, கேட் ஒரு கீலில் தொங்கியது, நல்ல வெயிலிலும் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. இந்த இடிந்த வீட்டிலிருந்தா நல்ல இசை கிடைக்கப்போகிறது என்று கூட வந்த மச்சானிடம் கேட்டார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேள்வி கேட்பதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி அவர்.

மேதாவி என்பது யாரும் கொடுத்த பட்டம் இல்லை, மச்சான் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். பழைய இசைத்தட்டுகளைப் பற்றி வாராவாரம் பத்திரிகையில் எழுதுவதும், அவற்றை மறுபடி வெளியிடுகிற கம்பெனிக்கு நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பதும் அவர் பிழைப்பு. பொறுக்குவதாவது! கழித்துக்கட்டுவது என்று சொன்னால்தான் பொருந்தும். பாட்டின் தொடக்கத்தில் பிளேயர் முள்ளை வைப்பார், பாடுகிறவன் முதல் வரியை முடிப்பதற்குள் தூக்கிவிடுவார். "ச்சே" என்பார். நாலு பேர் உயிரைக் கொடுத்துச் செய்த காரியம் அந்த ஒரு "ச்சே"யோடு பெட்டிக்குள் போய்விடும். ஒரு பாட்டை முழுசாகக் கேட்பது வேலையற்றவர்களுக்குத்தான் என்று எழுதியும் இருக்கிறார். அதற்கும் ஆகா ஓகோ என்று கடிதம் போட ஆள் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்பார். பன்னிரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன மாதம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன பிறகுதான் ஐயாவுக்கு உறைத்தது. அவள் இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கு அழுகைகூட வந்தது. இன்று சாயங்காலம் வருவதாக அவள் தம்பியிடம், அதாவது இந்த மச்சானிடம், சொல்லியனுப்பியிருந்தாள். தான் பேசுவதை ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்கட்டும், அப்புறம் இருப்பதா போவதா என்று பார்க்கலாம் என்றாளாம். கேட்டே தீருவது என்று மேதாவி முடிவு கட்டியிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவளுடைய தம்பி நாற்பது வருஷத்துக்கு முன் "வாடகை சைக்கிள்" என்ற இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். நாலு பையன்கள். பவர் பாப் என்பார்கள் அந்த வகையை. கிட்டார் சத்தமாக இருக்கும், மெட்டு இனிப்பாக இருக்கும், மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். இரண்டு தட்டுகள் போட்டார்கள், இரண்டையும் வாங்க நாதியில்லை. கடைசிக் கச்சேரியில் முதல் பாட்டுப் பாதியில் இருக்கும்போதே கூட்டம் எழுந்து போய்விட்டது. வாத்தியங்களைக் கட்டிக்கொண்டு திரும்பும் வழியில் வேன் பாலத்திலிருந்து விழுந்து நாலு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். விற்காத தட்டுகள் இந்த வீட்டுப் பின்னறையில் அடுக்கிக் கிடந்தன.

பின்னறைக் கதவைத் திறந்ததும் ஈர அட்டையின் நாற்றமும் பாச்சை உருண்டை வாசமும் முகத்தில் அடித்தன. பகல் அந்த அறைக்குள் வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டது. மூலையில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். மேதாவி உறையைப் பிரித்து, தட்டை ஏதோ எச்சில் தட்டைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்து வைத்தார்.

முதல் பாட்டு. நாலு கிட்டார் அடி, ஒரு இளம் குரல். தூக்கினார்.

"நல்லாத்தானே இருக்கு அத்தான்? ஓடட்டுமே," என்றான் மச்சான்.

உனக்கு ஹாரன் சத்தமும் நல்லாத்தான் இருக்கும் என்று அவனை அடக்கிவிட்டு இரண்டாவது பாட்டுக்கு முள்ளை நகர்த்தினார். தூக்கினார். மூன்றாவது. தூக்கினார். வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்த அந்த அம்மாள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"பாதியில தூக்குறீங்களே தம்பி," என்றாள் மெல்ல. "அவனுங்களுக்கு இது புதுசு இல்ல. ஆனா பொறுத்துக்கிட்டதும் இல்ல."

மேதாவிக்குச் சிரிப்பு வந்தது. செத்தவர்களுக்கும் விமர்சனம் சுடுகிறதாக்கும். நாலாவது பாட்டில் முள்ளை வைத்து, அந்தக் குரல் மூச்சிழுத்து ஒரு வார்த்தையைத் தொட்டதும் தூக்கினார்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முள் அவர் விரலில், காற்றில் நின்றது.

"எடுத்துட்டான்டா."

இடது காதுக்கு அருகில் ஒரு இளம் குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து இன்னொருவன் அலட்சியமாக, "அவனுக்கு அவ்வளவுதான் பொறுமை. விடு," என்றான்.

மேதாவி திரும்பினார்.

யாரும் இல்லை. மச்சான் மூலையில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவருக்குப் பிடரியில் மயிர் குத்திட்டு நின்றது. ஆனால் மேதாவி ஆயிற்றே, விட்டுவிடுவாரா? பதிவு செய்யும்போது பையன்கள் பேசிக்கொண்டது தட்டில் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். முள்தான் தட்டிலேயே இல்லையே என்ற கேள்வியை, வழக்கம்போல், பாதியில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டிகளை ஏற்றச் சொன்னார். தேறினால் தகவல் சொல்வதாக அந்த அம்மாளிடம் சொன்னபோது அவள் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"பார்த்துப் போங்க தம்பி, அவனுங்க உங்ககூட..."

அங்கே குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

காரில் ரேடியோ செய்தி நாலு வார்த்தை வந்து அறுந்தது. திருகிப் பார்த்தார். மறுபடி நாலு வார்த்தை, மறுபடி மௌனம். மச்சான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தான். அவன் பேச்சும் தலை மட்டும் இருந்து உடம்பு இல்லாமல் வந்தது. எஞ்சின் உறுமுவது ஒழுங்காகக் கேட்டது. டயருக்கு அடியில் கல் நொறுங்குவது கேட்டது. பின் ஸீட்டில் பெட்டிகள் உரசிக்கொள்வதும் கேட்டது.

மனிதக் குரல் மட்டும் யாரோ முள்ளைத் தூக்கியதுபோல் நின்று நின்று போயிற்று.

காதில் அழுக்கு சேர்ந்திருக்கும், நாளைக்கு எவனாவது ஒரு மண்டூக டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வீட்டு வாசலில் மனைவியின் செருப்பைக் கண்டதும் அந்த நினைப்பும் போயிற்று. அவள் வந்துவிட்டிருந்தாள்.

கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். விளக்கைக்கூடப் போடவில்லை. மேதாவி அவள் எதிரில் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார். வாயைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் பேச்சுக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

"ரொம்ப யோசிச்சுதான் வந்திருக்கேன்," என்றாள். "இனிமே நாம..."

நின்றுவிட்டது.

அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கண் கலங்கியது, கை ஒரு தடவை நெஞ்சைத் தொட்டது, ஒரு தடவை அவரைச் சுட்டியது. மேலே மின்விசிறி கிரீச்சிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது துல்லியமாகக் கேட்டது. அவள் சொல்வது மட்டும் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் கேட்க விரும்பிய ஒரே பேச்சு அது.

பேசி முடித்து அவர் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லேன்," என்றார்.

பொறுமைசாலி அவள். மறுபடி சொன்னாள். "ரொம்ப யோசிச்சுதான் வந்திருக்கேன். இனிமே நாம..." அதே இடத்தில் நின்றது. மேதாவி அவள் உதட்டை வெறித்தார், ஒரு வார்த்தையாவது பிடிபடுமா என்று. பிடிபடவில்லை. மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார். பயத்தில் அவருக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மேஜையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எழுதிக் காட்டிடு. அப்படியே படிச்சிடுறேன்."

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இவரைப் போய் மனிதனென்று நம்பி வந்தேனே என்கிற அருவருப்பு மட்டும் இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள். வாசல் ஓரத்தில் ஒரு பெட்டி இருந்தது. போன மாதம் கொண்டுபோன அதே பெட்டி, துணி பிதுங்க மூடியிருந்தது. திரும்பி வந்துவிடத்தான் வந்திருக்கிறாள். மேதாவி அதை அப்போதுதான் கவனித்தார்.

மச்சான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான். மேதாவி ஓடினார், கெஞ்சினார், காதைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கார் போய்விட்டது.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். காரிலிருந்து இறக்கிய தட்டுப் பெட்டிகள் கட்டிய கயிறு அவிழாமல் சுவரோரம் கிடந்தன. வீட்டில் பிளேயருக்கு மின்சாரம்கூடக் கொடுத்திருக்கவில்லை.

நாலு கிட்டார் அடி கேட்டது.

காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் குறையவில்லை. அந்த இளம் குரல் முதல் வரியைப் பாடி முடித்தது. இரண்டாவது வரி. மூன்றாவது. எங்கேயும் அறுபடவில்லை, யாரும் முள்ளைத் தூக்கவில்லை. பின்னால் மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெண்ணைத் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு. கடைசி அடிவரை கேட்டார்.

நல்ல பாட்டு. இவ்வளவு நல்ல பாட்டை அவர் கேட்டதே இல்லை.

பாட்டு முடிந்தது. இருட்டில், அவர் கன்னத்தில் சூடு படுகிற அளவுக்கு அருகில், யாரோ அடுத்ததற்கு மூச்சை இழுத்தார்கள்.