இஞ்சின் இல்லாத காருக்கு அபராதம்

“அய்யோ தேவரே...!”

காலை ஆறரைக்கு எழுந்த அந்த அலறலில் கோல்டன் கிரீன் என்க்ளேவ் மொத்தமும் விழித்துக்கொண்டது.

ஓசூரிலிருந்து பேரிகை போகும் சாலையோரக் குடியிருப்பு. பெயரில்தான் கோல்டும் கிரீனும். மற்றதெல்லாம் தூசி.

கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அலறியவள் நஞ்சம்மா. தெரு பெருக்க வந்தவள். துடைப்பம் ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் விரல் காட்டிய இடத்தில்...

ஒரு பழைய வெள்ளை கார். கர்நாடகா நம்பர். முதல் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்பக்க பம்பருக்கு அடியில் தலை பிளந்து கிடந்தார் திம்மப்பன். பக்கத்தில் கார் தூக்கும் ஜாக்கியின் இரும்பு லீவர்.

கழுத்தில் விசில் மட்டும் பத்திரமாக இருந்தது!

திம்மப்பன், குடியிருப்போர் சங்கத் தலைவர். வீட்டு வாசலிலோ நடைபாதையிலோ கண்டபடி வண்டி நிறுத்தினால் மாநகராட்சி அபராதம் போடும் என்று விதி வந்ததிலிருந்து மனிதர் தூங்கவில்லை. விசில் ஊதுவார். போட்டோ எடுப்பார். மாநகராட்சி ஆப்பில் அனுப்புவார். பக்கத்துச் சானமாவு காட்டு யானை வழிதவறி வந்திருந்தால்கூடப் பின்னால் போய் நம்பர் பிளேட் தேடியிருப்பார்.

ஜீப்பிலிருந்து குதித்தார் இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரி.

“இந்த கார் யாரோடது?”

கூட்டம் ஒரே திசையில் திரும்பியது.

கரீம்! எதிர்வீட்டுக்காரன். வீட்டு முன்பக்கக் காலியிடத்திலேயே கார் ரிப்பேர் பார்ப்பவன்.

“என்கிட்ட ரிப்பேருக்கு வந்த வண்டிதான் மேடம். ஆனா நான் ரோட்டுல நிறுத்தல. அதுல இஞ்சினே இல்ல!”

“அப்ப எப்படி வந்துச்சு? நடந்தா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் தூங்கிகினு இருந்தேன்.”

“ஜாக்கி லீவர்?”

“அதுவும்... என்னுதுதான்.”

“நேத்து திம்மப்பன்கிட்ட சண்டையாமே? என்ன சொன்னே?”



கரீமுக்குப் பதில் இன்னொரு குரல் வந்தது. கணீரென்று.

“‘இன்னொரு நோட்டீஸ் ஒட்டுனா உன்னையே செவுத்துல ஒட்டிருவேன்’னு சொன்னான் மேடம்! நானே கேட்டேன்!”

முத்துக்குமார். சங்கச் செயலாளர். ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பொண்டாட்டி வைக்கும் ரசத்துக்கும் ரிஜெக்ட் போடக்கூடியவர்.

“பொணத்த நீங்க எப்ப பாத்தீங்க சார்?”

“என் வீடு கடைசி வீடு மேடம். நஞ்சம்மா கத்துன பிறகுதான் முழிச்சேன். பல்லுகூட வெளக்கல. ஓடி வந்தா... தலைவர்! சங்கத்துக்கே பேரிழப்பு. ஜீரோ டிஃபெக்ட் மனுஷன்!” கண்ணைத் துடைத்தார். கண்ணீர்தான் வரவில்லை.

கான்ஸ்டபிள் கரீமின் கையைப் பிடித்தார்.

கரீமின் மனைவி சுக்ரா பாய்ந்து வந்தாள். “மேடம்! இந்த ஆளு பல்லிய அடிக்கவே என்னக் கூப்புடுவாரு மேடம்! இவரு கொலையா?”

“அத ஏண்டி இப்ப எல்லாரும் கேக்கச் சொல்றே?” என்றான் கரீம், அந்த நிலைமையிலும்.

“ஜெயிலுக்குப் போறப்பவும் கௌரவம் பாரு!”

“ஏத்துங்க ஜீப்புல!” என்றார் மாதேஸ்வரி.

அப்போதுதான்... ஒரு ஸ்கூட்டி கிரீச்சென்று நின்றது.

“இங்க கரீம் யாரு?”

மாநகராட்சி அபராதப் பிரிவு ஹரிணி. ஒரு கையில் பில் மெஷின், மறு கையில் போன்.

“கேட்டை மறிச்சு வாகனம் நிறுத்துனதுக்கு ஃபைன். கையெழுத்துப் போடுங்க.”



“அம்மா தாயே! என்னக் கொலைக் கேஸுல தூக்கிகினு போறாங்க!”

“அது அவங்க டிபார்ட்மென்ட். விடியறப்பவே, அஞ்சே முக்காலுக்கே உங்க பேரு, போட்டோவோட புகார் வந்திருக்கு. நான் வர்றதுதான் லேட்.”

மாதேஸ்வரியின் புருவம் உயர்ந்தது.

“விடியறப்பவா? கொடுங்க அந்த போனை.”

படத்தை இரண்டு விரலால் விரித்தார். பார்த்தார். இன்னும் விரித்தார்.

முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“யார் அனுப்புனது?”

“பேர் சொல்லக் கூடாது மேடம். ரூல்!”

“சொல்ல வேணாம்.” மாதேஸ்வரி கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “ஆனா என்னா போட்டோ! நம்பர் பிளேட் கண்ணாடி மாதிரி தெரியுது. இந்த மாதிரி பொறுப்பான ஆளுக்குக் குடியரசு தினத்துல மேடையேத்தி சால்வை போடணும். யாருன்னு தெரியாம போச்சே...”



யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“விளம்பரம் எனக்குப் பிடிக்காது மேடம்...”

முத்துக்குமார்!

“...இருந்தாலும் கேக்குறதுனால சொல்றேன். நான்தான். ஃபோகஸ் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். அருமை. நம்பர் பிளேட்டும் தெரியுது... அதுக்குக் கீழ திம்மப்பன் காலும் தெரியுது!”

முத்துக்குமார் ஒரு அடி பின்வாங்கினார்.

“நஞ்சம்மா கத்துன பிறகுதான் முழிச்சீங்க. அப்ப விடியறப்ப பொணத்தோட காலை யார் சார் போட்டோ எடுத்தது? பாத்தவரு போலீஸுக்கு ஏன் போன் பண்ணல?”

“அது... வாக்கிங்...”

“பல்லு வெளக்காமலா?”

அவர் அப்படியே நடைபாதையில் சரிந்தார்.

“என் கார் டயர் அரை அடி நடைபாதையில ஏறி நிக்குதாம் மேடம்! என் வீட்டு கேட்டுலயே நோட்டீஸ்! படம் எடுத்து வாட்ஸப் குரூப்ல போடறேன்னான். நான் செக்ரட்டரி! விட்டுருன்னு இங்க வந்து கெஞ்சுனேன்... விசில் ஊதுனான் மேடம், என்னப் பாத்து! கரீம் வீட்டு லீவர் கைல கெடைச்சது...”

“பழியை அவன்மேல போட கார தள்ளிட்டு வந்தீங்க. சரி. புகார் எதுக்கு அனுப்புனீங்க?”

முத்துக்குமார் பரிதாபமாக நிமிர்ந்தார்.

“கேட்டை மறிச்சு நின்னுச்சே மேடம்... கை தானா போயிருச்சு!”

கான்ஸ்டபிள் கரீமை விட்டுவிட்டு அவரைப் பிடித்தார். சுக்ரா ஓவென்று அழுதுகொண்டே கரீமின் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஹரிணி மட்டும் நகரவில்லை.

“சார், கையெழுத்து.”

“நான் நிறுத்தலம்மா! கொலைகாரன் தள்ளிகினு வந்தான்!”

“அப்பீல் பண்ணுங்க. அதுவரைக்கும் வண்டி கேட்டை மறிச்சு நின்னா தினம் ஒரு ஃபைன்.”

“அப்ப இப்பவே எடுத்துர்றேன்!”

“தொடாதே!” ஜீப்பிலிருந்து அதட்டினார் மாதேஸ்வரி. “அது எவிடென்ஸ். கேஸ் முடியற வரைக்கும் அங்கேயேதான் நிக்கணும்!”

கரீம் ஹரிணியைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பிறகு ஜீப்பை நோக்கி ஓடினான்.

“மேடம், என்னையும் ஏத்திக்குங்க... ஜெயில்லயாவது பார்க்கிங் ஃப்ரீயா இருக்கும்!”