பட்டனும் மாடி வெயிலும்

பட்டனுக்குப் பட்டன் என்று பெயர் வந்தது அவளுக்கு ஒரு வயது நடந்தபோது. அப்பாவின் தையல் கடைத் தரையில் தவழ்ந்துபோய் ஒரு நீலப் பட்டனை விழுங்கிவிட்டாள். மறுநாள் அது பத்திரமாக வெளியே வந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது.

அப்பாவின் கடை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவாள். அப்பாவுக்கு வலது காலில் பலம் கிடையாது. மிதித்துத் தைக்கும் மெஷின் அவருக்கு ஒத்துவராது. அதனால் மோட்டார் வைத்த மெஷின் வாங்கியிருந்தார். இடது காலால் லேசாக அழுத்தினால் போதும், கடகடவென்று ஓடும்.

அந்த வாரம் தெருவில் புதுக் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு வரை கரண்ட் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். தெருவே முணுமுணுத்தது. அப்பா மட்டும் கவலைப்படவில்லை.

"நமக்குத்தான் சோலார் இருக்கே" என்றார்.

போன மாதம்தான் மொட்டை மாடியில் இரண்டு சோலார் பலகைகளை மாட்டியிருந்தார்கள். வெயில் அடித்தால் மெஷின் ஓடும். கூடவே சின்ன பேட்டரி ஒன்றும் உண்டு. அதில் சேரும் கரண்ட் ஒரு கால் மணி நேரத்துக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மெஷின் நின்றுவிட்டது.

முதலில் கடகட என்றது. பிறகு கட... கட... என்று இழுத்தது. பிறகு பெருமூச்சு விட்டாற்போல அடங்கிவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"சூரியனுக்கே சோம்பல் வந்துடுச்சு போல" என்றார் அப்பா. சிரிக்க முயன்றார். ஆனால் மேசை மேல் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அது பட்டன் படிக்கும் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்கான துணி. பதினாறு சட்டைகள். சனிக்கிழமை காலை போட்டி. அணியில் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போடாவிட்டால் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்களாம். மூன்று சட்டைகள்தான் முடிந்திருந்தன. நாலு மணிக்குமேல் கரண்ட் வந்தாலும், மற்றவர்கள் கொடுத்த துணிகளைத் தைக்கவே நேரம் சரியாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு எலக்ட்ரீஷியன் மாமா வந்தார். மாடிக்குப் போய்ப் பார்த்தார். ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாம் கல்லு மாதிரி இருக்குண்ணே. ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் பதினொரு மணிக்கு மெஷின் நின்றது.

அப்பா ஊன்றுகோலை எடுத்தார். மூன்று மாடிப் படிகளை நினைத்தாரோ என்னவோ, திரும்ப வைத்துவிட்டார்.

"நான் போய்ப் பார்க்கறேம்பா" என்றாள் பட்டன். பள்ளி விடுமுறைதான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

மாடியில் ஒரு நீளமான கயிறு கட்டியிருந்தது. அதில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் ஒரு பெரிய போர்வை. அதன் நிழல் நேராகச் சோலார் பலகைகளின் மேல் விழுந்திருந்தது.

கயிற்றின் அந்தப் பக்கம் இரட்டை அக்கா நின்றிருந்தாள். மூன்றாவது மாடியில் குடியிருப்பவள். நாலு மாத இரட்டைக் குழந்தைகளின் அம்மா. ஏழு நிமிடம் முன்னால் பிறந்தவனைப் 'பெரியவர்' என்றும், பின்னால் பிறந்தவளைச் 'சின்னவர்' என்றும்தான் கூப்பிடுவாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். பத்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார்.

"அக்கா, உங்க போர்வை நிழல் எங்க சோலார் மேல விழுது" என்றாள் பட்டன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நிழல்தானே? நிழலுக்கு என்ன எடையா இருக்கு? விழுந்தா உடைஞ்சிடுமா?"

"உடையாது. ஆனா அப்பா மெஷின் நின்னுடுது."

"ஐயோ, எனக்குத் தெரியாதே" என்றாள் அக்கா. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "முன்னாடி எங்க பால்கனியிலதான் காயப்போடுவேன். பக்கத்துல புதுசா கட்டடம் எழும்பினதும் அங்க வெயிலே வரல. ஈரம் காயாத துணியைக் கட்டி ரெண்டு பேருக்கும் இடுப்பெல்லாம் சிவந்துபோச்சு. நல்ல வெயில்ல காயவெச்சுக் கட்டுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

கீழே வந்ததும் பட்டன் எலக்ட்ரீஷியன் மாமாவுக்குப் போன் செய்தாள்.

"பாதி பலகையிலதான் மாமா நிழல். அப்ப பாதி வேகத்துலயாவது ஓடணும்ல?"

"அப்படி இல்ல பட்டன். தீப்பிடிச்சா வரிசையா நின்னு வாளியைக் கை மாத்திக் கை மாத்திக் கொடுப்பாங்களே, பலகைக்குள்ள இருக்கற கட்டமெல்லாம் அந்த மாதிரி. நடுவுல நாலு பேர் தூங்கிட்டா என்ன ஆகும்?"

"வாளி அங்கயே நின்னுடும்."

"அதான் சங்கதி. காலையில நான் வந்தப்ப கயித்துல துணியே இல்ல. அதான் எனக்குத் தெரியல."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசறேன். துணியை வேற எங்கயாவது போட்டுக்கட்டும்" என்றார். குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தது. மஞ்சள் துணி அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

"வேணாம்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள் பட்டன்.

புதன்கிழமை அவளும் அக்காவும் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டினார்கள். அன்று மெஷின் நிற்கவே இல்லை. அப்பா ஐந்து சட்டைகளை முடித்தார். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே பாட்டுப் பாடினார். பாட்டு புரியவில்லை, சந்தோஷம் புரிந்தது.

நாலு மணிக்குப் பட்டன் மாடிக்கு ஓடினாள். துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் ஜில்லென்று இருந்தன. மத்தியானத்துக்குப் பிறகு தொட்டியின் நிழல் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

இரட்டை அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. சின்னவர் வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தாள். அக்கா ஒரு கையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் ஓர் ஈரத்துணியை விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, காயலையா?"

"பரவால்ல பட்டன். அப்பாவுக்கு வேலை நடந்துதா?"

"நடந்தது" என்றாள் பட்டன்.

அன்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "அஞ்சு சட்டை முடிஞ்சுதாமே. நீ ஏன் உம்முனு இருக்கே?"

"நம்ம மெஷின் ஓடிடுச்சு. சின்னவர் அழறா."

அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "நிழல் ஒரே இடத்துல நிக்காது பட்டன். மத்தியானம் மரத்தடியில பஸ்ஸை நிறுத்திட்டுச் சாப்பிட்டுத் திரும்பி வந்தா, என் சீட்டு தோசைக்கல்லா கொதிக்கும். மரம் அங்கயேதான் இருக்கும். நிழல்தான் நடந்து போயிருக்கும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே பட்டன் மாடிக்குப் போய்விட்டாள். கையில் அப்பாவின் தையல் சாக்பீஸ். ஒவ்வொரு மணிக்கும் தொட்டியின் நிழலைச் சுற்றிக் கோடு போட்டாள். மாடிப்படி அறையின் நிழலைச் சுற்றியும் கோடு போட்டாள். துணிகள் தொட்டிக்குப் பின்னாலேயே கிடந்தன. போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அங்கங்கே பிடித்து நிற்பாள். அதன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். கை வலித்தால் போர்வையைத் தலையில் போட்டுக்கொள்வாள்.

பத்து மணிக்கு இரட்டை அக்கா குழந்தைகளோடு மேலே வந்தாள். ஒரு போர்வை தானாக நடந்துபோவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்க, நான்தான்" என்றது போர்வை.

பன்னிரண்டு மணிக்குள் மாடித் தரை முழுக்கக் கோடுகள். பட்டன் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பன்னிரண்டு மணிவரை மேற்குச் சுவரோரம் துணிக்கு நல்ல வெயில். அங்கே போட்டால் பலகைமேல் நிழல் விழாது. அதற்குமேல், நேற்றுப் பார்த்ததுபோல, அந்த ஓரத்தைத் தொட்டியின் நிழல் பிடித்துக்கொள்ளும். அப்போது கிழக்குச் சுவரோரம் வெயில் வந்துவிடும்.

ஆனால் கயிற்றை எப்படி நடக்க வைப்பது? கட்டிய கயிறு கட்டிய இடத்தில்தானே இருக்கும்?

யோசித்தபடியே கீழே இறங்கினாள். கடைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றாள். தைத்த துணிகளை மாட்டும் உயரமான இரும்பு ஸ்டாண்ட் மூலையில் நின்றது. அதற்கு நாலு சக்கரம்.

"அப்பா, அந்த ஸ்டாண்டை இரட்டை அக்காவுக்குக் கொடுக்கலாமா?"

"கொடுத்துட்டு நான் சட்டையை எங்க மாட்டறது? உன் கழுத்துலயா?"

"அக்காவோட கயித்தைக் கடைக்குள்ள கட்டிடலாம். அவங்களுக்குத்தான் சக்கரம் வேணும். உங்களுக்கு வேணாமே."

அப்பா மெஷினை நிறுத்தினார். முந்தாநாள் தான் கடுமையாகப் பேசியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூக்கைத் தடவிக்கொண்டார்.

"சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடு. கீச் கீச்னு கத்தும். குழந்தைங்க முழிச்சுக்கும்."

ஸ்டாண்டை மேலே ஏற்றுவது லேசான வேலையாக இல்லை. பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். பட்டன் பின்னால் நடந்துகொண்டே, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னாள். அன்று ஒரு மணிக்கு ஸ்டாண்ட் கிழக்குச் சுவரோரம் நின்றது. நாலு மணிக்குத் துணிகளெல்லாம் மொறுமொறு என்று காய்ந்திருந்தன. கீழே நாலு சட்டைகள் முடிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மெஷின் காலையிலிருந்து ஓடியது. மிச்சம் நாலே சட்டைகள். இரட்டை அக்கா பன்னிரண்டு மணிக்கு ஸ்டாண்டைக் கிழக்குப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, கழுத்துப் பட்டியில பட்டன் மாட்டற ஓட்டைக்குக் காஜா நான் எடுக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடி பழகினது."

பெரியவரும் சின்னவரும் காய்ந்த துணி கட்டிக்கொண்டு, வெட்டுத்துணிக் குவியலின் மேல் படுத்து விழித்தார்கள். மெஷின் கடகடவென்று ஓடியது. இரண்டு நிமிடத்தில் பெரியவர் தூங்கிவிட்டார். அடுத்த நிமிடம் சின்னவரும்.

"இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கி நான் பார்த்ததே இல்ல" என்று அக்கா கிசுகிசுத்தாள். நாலு காஜா எடுத்தாள். ஐந்தாவது காஜாவில் ஊசி நின்றுபோனது. சுவரில் தலையைச் சாய்த்து அவளும் தூங்கிவிட்டாள்.

பட்டன் அவள் கையிலிருந்து ஊசியை மெதுவாக எடுத்து ஊசிமெத்தையில் குத்திவைத்தாள். மீதிக் காஜாவை அப்பா முடித்தார்.

இரண்டரை மணிக்குப் பதினாறாவது சட்டையும் கயிற்றில் தொங்கியது. அப்பா நிம்மதியாகக் காலை எடுத்தார். மெஷின் நின்றது.

சின்னவர் முகத்தைச் சுளித்தாள். பெரியவர் ஒரு கையை ஆட்டினார். அக்காவின் இமை அசைந்தது.

அப்பா பட்டனைப் பார்த்தார். பட்டன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சத்தம் போடாமல் ஊசியிலிருந்து நூலை உருவினார். திரும்பவும் காலை வைத்து அழுத்தினார். துணியில்லாத மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. மூன்று முகங்களும் அடங்கின.

"எவ்வளவு நேரம்பா இப்படியே ஓட்டுவீங்க?" என்று பட்டன் அவர் காதில் கேட்டாள்.

அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். தெரு முழுக்கப் பளீரென்று வெயில் கொட்டிக்கிடந்தது.

"நிறைய இருக்கு" என்றார். "தூங்கட்டும்."