வள்ளத்துக்குக் கீழே கோப்பி

‘நாய்களோடும் வரலாம்’ என்று பலகையில் எழுதி வாசற் படலையில் தொங்கவிட்டவள் ஜெனீற்றாதான். எழுத்து கொஞ்சம் சரிவு. அதனால் என்ன? அல்லைப்பிட்டிக் கடற்கரையில் அம்மா புதிதாகத் திறந்த விடுதிக்கு முதல் ஆளைக் கூட்டிவந்தது இணையத்தில் போட்ட அந்தப் பலகையின் படம்தானே!

வந்தவர் கொழும்புத் தர்சனா அன்ரி. கூடவே கோப்பி. இது குடிக்கிற கோப்பி இல்லை, தொங்கற்காது மண்ணிற நாய். கடலைப் பார்த்துப் பெரிய வீரன் மாதிரிக் குரைப்பான். சின்ன அலை ஒன்று காலைத் தொட்டாலே போதும், ஓடிவந்து அன்ரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

“வீட்டிலை நானும் இவனும் மட்டும்தான். இவனை விட்டிட்டு நான் ஒரு இடமும் போறதில்லை” என்றார் அன்ரி.

அன்று மாலை மாதா கோயிலில் கொடியேற்றம். கொடி ஏறியதும் வெடி கொளுத்துவார்கள் என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே அதை அன்ரியிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை!

டமார்! டமார்! டமார்!

விடுதி முற்றத்தில் நின்ற கோப்பி கழுத்துப் பட்டியை உருவிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

“கோப்பி! கோப்பி!” அன்ரி கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. பட்டி மட்டும் அவர் கையில் இருந்தது.

“ஐயோ மாதாவே, முதல் வந்த ஆளுக்கே இப்பிடியோ? இனி இங்கை ஆர் வரப்போகினம்?” என்று அம்மா தலையில் கைவைத்தாள். பிறகு கோப்பியைத் தேடி றோட்டுப் பக்கம் ஓடினாள்.

‘நான் எழுதின பலகையை நம்பித்தானே வந்தவ’ என்று நினைத்தபோது ஜெனீற்றாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

வீட்டு நாய் கறுவலைக் கூட்டிக்கொண்டு போனால் மோப்பம் பிடிப்பான். ஆனால் கறுவலையும் காணோம்! படலைக்கு வெளியே ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். ஒரு நாய் இல்லை. கருவாடு திருடுகிற வெள்ளையன்கூட இல்லை.

ஊர் நாய்கள் எல்லாம் எங்கே போயின?

சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடமும் கொடியேற்றத்தன்று கறுவல் முதுகு முழுக்க நீலப் பெயின்ற்றோடு வந்து நின்றான். அம்மா நல்லாய் ஏசினாள். திருநாள் காலத்தில் யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை. வள்ளங்களைக் கவிழ்த்து, அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் பெயின்ற் பூசுவார்கள்.

“அன்ரி, வாங்கோ! கூப்பிடாதேங்கோ, அவன் சத்தத்துக்குத்தான் பயந்து கிடக்கிறான்.”

கரையில் வள்ளங்கள் பனங்குற்றிகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. ஜெனீற்றா மணலில் படுத்து நீல வள்ளத்துக்குக் கீழே பார்த்தாள். கறுவல், வெள்ளையன், இன்னும் நாலைந்து பேர். கறுவலின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, நடுநடுங்கியபடி கோப்பி!

அன்ரி கையை நீட்டினார். அதே நேரம் கோயில் மணி அடித்தது.

“பூசை முடியுது! இப்ப குருசுமுத்து மாமா இன்னொரு கட்டு வெடி கொளுத்துவார்!” ஜெனீற்றா பதறினாள். ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. இந்த முறை கோப்பி வெளியே பாய்ந்தால் முன்னால் கடல்.

“அவனை வெளியிலை எடுக்க வேண்டாம் அன்ரி. நாங்கள் உள்ளை போவம்!”

திருநாளுக்குத் தைத்த புதுச்சட்டையோடு அவள் உள்ளே ஊர்ந்தாள்.

“நானுமோ?” பட்டுச் சேலையைப் பார்த்தார் அன்ரி.

“ஓம், கெதியா வாங்கோ!”

டமார்! டமார்!

கோப்பி திமிறினான். ஒரு காதை அன்ரி பொத்தினார், மற்றக் காதை ஜெனீற்றா பொத்தினாள். “ஒண்டுமில்லையடா, நாங்கள் இருக்கிறம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கறுவல் மட்டும் பழகினவன் போலக் கொட்டாவி விட்டான்.

வெடி ஓய்ந்தது. கோப்பி மெல்ல வாலை ஆட்டி ஜெனீற்றாவின் மூக்கை நக்கினான்.

தேடிக்கொண்டு வந்த அம்மா குனிந்து பார்த்துத் திகைத்துப் போனாள். “என்னப்பா இது? அறை எடுத்துத் தங்க வந்தவவை வள்ளத்துக்குக் கீழையோ படுக்க வைச்சனீ?”

அன்ரி அழுகையும் சிரிப்புமாக வெளியே வந்தார். அவருடைய சேலை முதுகு நீலம். ஜெனீற்றாவின் சட்டை நீலம். கோப்பியின் வாலும் நீலம். இந்த முறை அம்மாவால் யாரையும் ஏச முடியவில்லை.

“ஜசிந்தா, அடுத்த திருநாளுக்கும் எனக்கு அந்த அறைதான் வேணும்” என்றார் அன்ரி அம்மாவிடம்.

மறுநாள் காலை ஜெனீற்றா மிச்ச நீலப் பெயின்ற்றில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தாள். பலகையில் ‘நாய்களோடும் வரலாம்’ என்பதன் கீழே, இன்னும் சரிவாக, இன்னொரு வரி எழுதினாள்:

‘வெடி நாளில் ஒளிய வள்ளமும் உண்டு.’