திருட்டைத் தொடாதீங்க மேடம்!

ட்ரிங்... ட்ரிங்...!

திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்து. தன் ஆபீஸில் வக்கீல் அருணா போனை எடுத்தாள்.

"மேடம்... எட்வர்ட் பேசறேன். ஜெயில்லேர்ந்து."

"சொல்லுப்பா. நாளைக்கு உன் அப்பீல்ல வாதம்."

"அதுக்குதான் மேடம்... ஏழு வருஷத்த மூணாக் கொறைக்கச் சொல்லி மட்டும் கேளுங்க. நான் திருடலைன்னு வாயத் தொறக்காதீங்க!"

"நீ திருடவே இல்லையேப்பா!"



"பேஜாரு பண்ணாதீங்க மேடம்... திருட்டைத் தொடாதீங்க..."

கட்!

 வேண்டாம் என்று சொன்னால்தான் அருணா செய்வாள். பிறவிக் குணம்!

எட்வர்ட் கேபிள் திருடி ஐந்து முறை உள்ளே போனவன். ஆறாவதாகக் கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலை ஒன்றில் கேபிள் காணாமல் போக, தானே ஸ்டேஷனுக்கு நடந்து போய் 'நான்தான்' என்றான். வாட்ச்மேனும் 'இவனைத்தான் பார்த்தேன்' என்று தலையாட்டினான். பழைய குற்றவாளி என்று கீழ்க்கோர்ட் ஏழு வருஷம் தீட்டிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி சுகிர்தா கண்ணைக் கசக்கினாள்.

"யாரோ மெரட்டிக்கினு இருக்கானுங்க மேடம்! எங்க ஊட்டுக்காரரு கேபிள எரிச்சிதான் செம்பு எடுப்பாரு. அந்தக் கம்பெனில திருடினவன் பிளேடு போட்டு உரிச்சிருக்கான். இவருக்கு உரிக்கவே வராது! ஏசப்பா சத்தியமா இவரு இல்ல!"

அருணா பழைய தீர்ப்புகளைப் புரட்டினாள். ஐந்திலும் எரித்த செம்பு!

போதாதா? மறுநாள் கோர்ட்டில் வாட்ச்மேனின் சாட்சியத்தைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

தீர்ப்பு வந்தது.

'சம்பவ இடத்தில் எட்வர்ட் இருந்தான் என்பதை நம்ப இடமில்லை. விடுதலை!'

புழல் சிறை வாசல். சுகிர்தா ஓடிப்போய்க் கணவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. அவன் பார்வை அவள் தோளுக்கு மேலே போனது.

அங்கே ஒரு போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் பூவராகவன் இறங்கி வந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்!"

"எனக்கா... எதுக்கு சார்?"

"அந்தக் கேபிள் போன அதே நேரத்துல அத்திப்பட்டுல பழைய இரும்புக் கடை சுப்பராயனைக் கொன்னுட்டாங்க. கடப்பாரைல இவன் கைரேகை! ஆனா இவன் அப்போ கும்மிடிப்பூண்டில இருந்தான்னு கோர்ட்டே சொல்லிச்சு. என் கையக் கட்டிப் போட்டுச்சு. இப்போ அவன் அங்க இல்லைன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க!"

விலங்கு ஏறியது. சுகிர்தா கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அருணா அவனை நெருங்கினாள். "எட்வர்ட்... இதெல்லாம் பொய்னு சொல்லுப்பா..."

அவன் ஜீப்பில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"ஏழு வருஷத்தக் கொறைக்கச் சொன்னேன்... ஆயுசுக்கும் ஏத்திக் குடுத்துட்டீங்க. இதுக்கு ஃபீஸ் வேற கேப்பீங்களா மேடம்?"