ஞாயிற்றுக்கிழமை மழை

"குடைய மடக்குங்க."

முகுந்தன் திரும்பினான். செம்பனை மரங்களுக்கு நடுவே நனைந்தபடி ஒரு பெண். நெற்றியில் ஒட்டிய முடி... அதற்குக் கீழே, மழையைவிடக் கடுமையாக இரண்டு கண்கள்.

"மழைமானிக்கு மேல குடை பிடிச்சா, உள்ள எப்படிங்க மழை விழும்?"

உண்மைதான். மழைமானியின் வாய்க்கு நேர் மேலே இருந்தது அவன் குடை. மடக்கினான். மறுநொடியே தொப்பலாக நனைந்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. அவன் தன் பெயரைச் சொன்னதும் அந்தச் சிரிப்பும் போயிற்று.

அவள் எலெய்ன். புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காலை ஏழு மணிக்கு மழையை அளந்து கம்பெனிக்கு அனுப்புகிறவள். அவன், பதினோரு தோட்டங்களின் பதிவுகளைக் கிளவுடுக்கு மாற்ற ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த டேட்டா இஞ்சினியர். கம்பெனியின் செண்டாயான் அலுவலகத்தில் அவன் எழுதிய நிரல், இவள் அனுப்பிய அளவுகளைப் போன வாரம் போலி என்று ஒதுக்கியிருந்தது. ஞாயிறுதோறும் பூஜ்யம், திங்கள்தோறும் இரட்டிப்பு... எந்த வானம் அப்படிப் பெய்யும்? நேரில் பார்க்கத்தான் இந்தப் புதன்கிழமை மாலை வந்தான்.

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் இல்ல. நான் சர்ச்சுல இருப்பேன். ரெண்டு நாள் மழையும் திங்கக்கெழம ஒண்ணா அளப்பேன்." குரல் தணிந்திருந்தது. "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லா? என்னைப் பொய்க்காரியாக்கிட்டீங்க."

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கண்கள்...

வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. மேலாளர் யோகேந்திரன் நிரந்தர வேலை தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் தன் தவறைத் தானே எழுதிக் கொடுப்பதா? ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் என்று வாழ்ந்தவன் அவன். எந்த ஊரை விட்டுப் போகவும் வருந்தியதில்லை. இந்த முறை வருத்தமாக இருந்தது.

ஆனாலும் அன்றிரவே பதினோரு தோட்டங்களுக்கும் எழுதினான். 'புக்கிட் பெலண்டோக் அளவுகள் சரியானவை. கேட்காமலே முடிவு கட்டியது என் தவறு.' பதிவில் 'குறிப்பு' என்று ஒரு கட்டமும் சேர்த்தான். இனி யாரும் காரணத்தைச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை யோகேந்திரன் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் உள்ளே போனான். தோட்டத்துக்கே போய்ப் பார்த்த முதல் இஞ்சினியர் நீதான் என்று சொல்லி, நிரந்தர வேலைக் கடிதத்தை நீட்டினார் அவர்.

எலெய்ன் மட்டும் பதில் எழுதவில்லை. வியாழன் காலை ஏழு மணிக்கு எண் மட்டும் வந்தது. 22. மறுநாள் 0. அவன் அதையே கடிதம்போல் படித்தான்.

சனிக்கிழமை 11. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'குறுக்கே குடை இல்லை.'

தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

ஞாயிறு காலை, தூறல். சர்ச்சுக்குக் கிளம்பிய எலெய்ன் மழைமானியருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தினாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"மழைய அளக்குறேன். நீங்க சர்ச்சுக்குப் போங்க. இனி உங்க ஞாயித்துக்கெழம காலியா இருக்காது."

"இதுவும் ஆறு மாசக் கான்ட்ராக்டா?"

மழைமானியின் நீரை அளவுக் குவளையில் ஊற்றினான். "இல்லைங்க... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. இதுக்கு முடியுற தேதி வேணாம்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குவளையை உயர்த்தினாள். "கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்கணும். எவ்வளவு?"

குவளைக்கு அப்பால் அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. "பதினெட்டு..."

"பதினாலு." கன்னம் சிவந்தது. "ஒழுங்கா அளக்கக் கத்துக்குடுக்கவே ரொம்ப வருஷம் ஆகும் போல இருக்கே... பரவால்ல, எனக்குச் சம்மதம்."